குழந்தையின் சுபாவமும் நினைவாற்றலும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சாலை, குடிநீர், தெருவிளக்கு, ஏரி மராமத்து ஆகியவற்றைப் பற்றி நாம் அடிக்கடி கூடிப் பேசுகின்றோம். அவை யாவும் கண்ணால் காணக்கூடிய பணிகள். அளந்து பார்த்து, முடிவுற்றன என்று பதிவேட்டில் எழுதக்கூடியவை. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ கண்ணுக்குப் புலனாகாதது. சிறு குழந்தையின் உள்ளத்தில் நினைவாற்றல் எவ்வாறு வளர்கிறது, அக்குழந்தையின் சுபாவமும் உணர்ச்சிகளும் அவ்வளர்ச்சிக்கு எவ்வாறு துணையாகவோ தடையாகவோ அமைகின்றன என்பதே அப்பொருள்.

இதற்கும் ஊராட்சிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. "இந்தப் பிள்ளை மந்தம், இதற்குப் படிப்பு ஏறாது" என்று ஊரார் ஒரு குழந்தைக்கு ஒருமுறை பெயர் வைத்துவிட்டால், அந்தப் பெயர் பள்ளிக்கூடம் வரை அதனைத் தொடர்ந்து செல்கிறது. பெயர் பொய்யாக இருந்தாலும், அதனால் விளையும் நட்டம் மெய்யாகிவிடுகிறது. அந்நட்டத்தைத் தடுக்கும் வழியை ஆராய்வதே நம் நோக்கம்.

மாட்டுச் சந்தைக்குச் செல்லும் உழவர் பல்லையும் குளம்பையும் மட்டும் பார்த்து மாடு பிடிப்பதில்லை. அதன் சுபாவம் எப்படி என்றும் விசாரிக்கிறார். ஒரு காளை புதிய ஆளைக் கண்டால் மிரளும். மற்றொன்று யார் பிடித்தாலும் உடன் வரும். பிறிதொன்று இரண்டு நாள் முரண்டு செய்து, பின் பழகிவிடும். மிரளும் காளையை உழவுக்கு உதவாதது என்று நாம் தள்ளிவிடுவதில்லை. பழக்கும் முறையைத்தான் மாற்றிக்கொள்கிறோம். அடித்துப் பழக்கிய கன்று ஏரைக் கண்டாலே ஒதுங்கும் என்பதையும் அனுபவத்தில் அறிந்திருக்கிறோம். மாட்டின் விஷயத்தில் நமக்குள்ள இந்த அறிவை, நம் குழந்தைகளின் விஷயத்தில் நாம் போதிய அளவு பயன்படுத்துவதில்லை.

சுபாவம் என்பது யாது?

1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்னும் மருத்துவத் தம்பதியர் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். 133 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவம் முதல் பெரியவர்களாகும் வரை அவர்கள் தொடர்ந்து கவனித்தனர். பிறந்த சில மாதங்களிலேயே குழந்தைகளின் சுபாவம் வேறுபடுவதை அவர்கள் கண்டனர். நூற்றுக்கு 40 பேர் எளிதில் பழகுபவர்கள்; உணவும் உறக்கமும் ஒழுங்காக இருக்கும்; புதியவரைக் கண்டாலும் சிரிப்பர். நூற்றுக்கு 10 பேர் எதற்கும் உரத்து அழுபவர்கள். மாறுதலை எளிதில் ஏற்காதவர்கள். நூற்றுக்கு 15 பேர் மெல்லப் பழகுபவர்கள். புதிய இடத்தில் ஒதுங்கி நின்று, பலமுறை கண்ட பின்னரே கலந்துகொள்பவர்கள். எஞ்சிய 35 பேர் எவ்வகையிலும் முழுதாக அடங்காமல் கலந்த சுபாவம் உடையவர்கள்.

இவற்றுள் எந்தச் சுபாவமும் நோயன்று; எதுவும் பெற்றோரின் குற்றமுமன்று. அவ்விருவரும் வலியுறுத்திய முடிவு ஒன்று உண்டு. குழந்தையின் வருங்காலத்தைச் சுபாவம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அச்சுபாவத்திற்கும், சுற்றியுள்ள பெரியவர்கள் அதனிடம் நடந்துகொள்ளும் முறைக்கும் உள்ள பொருத்தமே பெரிதும் தீர்மானிக்கிறது. மண்ணுக்கு ஏற்ற பயிரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உழவருக்கு உண்டு. பெற்றோருக்கோ அவ்வுரிமை இல்லை. வந்து பிறந்த குழந்தைக்கு ஏற்பத் தம் பராமரிப்பு முறையையே அவர்கள் அமைத்துக்கொள்ள வேண்டும்.

கைக்குழந்தைக்கு நினைவு உண்டா?

சுபாவத்திற்கும் நினைவிற்கும் உள்ள தொடர்பைக் காணுமுன், கைக்குழந்தைக்கு நினைவு என்பதே உண்டா என்னும் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "அதற்கு என்ன தெரியும்? விவரம் அறியாத வயசு" என்று நாம் சொல்வது வழக்கம். இது சரியன்று.

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய கரோலின் ரோவி-கோலியர் என்னும் அம்மையார் மிக எளிய சோதனை ஒன்றை வகுத்தார். தொட்டிலில் படுத்திருக்கும் குழந்தையின் கணுக்காலில் மெல்லிய நாடாவின் ஒரு முனையைக் கட்டினார்; மறுமுனையைத் தலைக்கு மேல் தொங்கும் பொம்மைகளுடன் இணைத்தார். குழந்தை காலை உதைத்தால் பொம்மைகள் ஆடும். சில நிமிடங்களில் குழந்தை இதனைக் கண்டுகொண்டு, மேலும் மேலும் உதைக்கத் தொடங்கியது. சில நாட்கள் கழித்து அதே பொம்மைகளைக் காட்டினால், கற்றதை நினைவில் வைத்திருக்கும் குழந்தை உடனே உதைக்கும். மறந்த குழந்தை வெறுமனே பார்த்திருக்கும். இம்முறையால், 3 மாதக் குழந்தை ஏறத்தாழ ஒரு வாரமும், 6 மாதக் குழந்தை ஏறத்தாழ இரண்டு வாரமும் கற்றதை நினைவில் கொள்கின்றன என்பது தெரியவந்தது.

இதே முறையைக் கொண்டு ஜெஃப்ரி ஃபேகன் என்பவரும் அவருடைய தோழர்களும் 1980-களில் நடத்திய சோதனையே நம் பொருளுக்கு உயிரானது. 10 பொம்மைகள் ஆடுவதைக் கண்டு பழகிய குழந்தைகளுக்கு, திடீரென 2 பொம்மைகளை மட்டும் காட்டினார்கள். சில குழந்தைகள் அந்த ஏமாற்றத்தைப் பொருட்படுத்தவில்லை. சில குழந்தைகள் அழுதன. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, அழாத குழந்தைகள் கற்றதை நினைவில் வைத்திருந்தன. அழுத குழந்தைகள் மறந்தவை போலக் காணப்பட்டன. ஆனால் அழுத குழந்தைகளுக்கும் அப்பொம்மைகளை முன்னதாகச் சிறிது நேரம் காட்டி நினைவூட்டியபோது, அந்நினைவு மீண்டது.

இதன் பொருளை ஊன்றி நோக்க வேண்டும். அழுத குழந்தை கற்காமல் இல்லை. கற்றது அழிந்துபோகவும் இல்லை. அதனை அடையும் வழி மட்டும் அடைபட்டிருந்தது. கால்வாயில் மண் விழுந்தால் வயலுக்கு நீர் வராது. அதனால் ஏரி வற்றிவிட்டது என்று சொல்வோமா?

அச்சம் செய்யும் கேடு

உணர்ச்சி எப்போதும் நினைவுக்குப் பகையன்று. ஓரளவான மகிழ்ச்சியும் வியப்பும் நினைவை ஆழமாகப் பதிக்கின்றன. தேர்த் திருவிழாவில் கண்டதை நான்கு வயதுக் குழந்தை பல மாதம் சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான். மூளையில் உணர்ச்சிக்குரிய பகுதியும், நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் பகுதியும் அருகருகே இருந்து ஒன்றோடொன்று தொடர்பு கொண்டு இயங்குகின்றன.

ஆனால் அச்சம் மிகும்போது நிலைமை மாறுகிறது. குழந்தையின் கவனம் முழுவதும் அச்சம் தரும் பொருளின்மேல் குவிந்துவிடுகிறது. பிரம்பைக் காட்டி "அணில், ஆடு" சொல்லச் சொன்னால், குழந்தையின் நினைவில் பிரம்பும் அதட்டும் குரலும் தங்கும். அணிலும் ஆடும் தங்கா. அச்சமும் இடர்ப்பாடும் இடைவிடாது நீடித்தால், கார்ட்டிசால் என்னும் சுரப்பு இரத்தத்தில் மிகுந்து நிற்கக்கூடும். நினைவைப் பதிக்கும் மூளைப் பகுதியின் பணியையே அது கெடுக்க வல்லது. குடித்துவிட்டு நாள்தோறும் சண்டை நடக்கும் வீட்டுக் குழந்தை பாடத்தில் பின்தங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும்.

அவ்வாறாயின், பிறவியிலேயே அச்ச சுபாவம் கொண்ட குழந்தைக்கு விமோசனம் இல்லையா? உண்டு. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேகன் கன்னர் என்னும் அம்மையாரும் அவருடைய குழுவினரும் 1996-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை தருகிறது. ஒன்றரை வயதுக் குழந்தைகளுக்கு, அவர்கள் முன்பின் காணாத விந்தையான பொருள்களையும் வேடமிட்டவரையும் காட்டினார்கள். தாயிடம் உறுதியான பற்றும் நம்பிக்கையும் கொண்டிருந்த குழந்தைகள், அச்ச சுபாவம் உடையவர்களாயினும், தாய் அருகில் இருக்கையில் கார்ட்டிசால் உயரவில்லை. அத்தகைய நம்பிக்கை இல்லாத அச்சமுள்ள குழந்தைகளுக்கே அது உயர்ந்தது. ஆகவே, சுபாவத்தை நாம் மாற்ற வேண்டுவதில்லை. நம்பத்தக்க ஒருவர் அருகில் இருந்தாலே அச்சத்தின் நஞ்சு இறங்கிவிடுகிறது.

"மந்தம்" என்னும் பெயர்

இப்பொழுது நம் ஊருக்கு வருவோம். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நாட்டில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. "பால்வாடி" என்று இன்றும் நாம் வாய் நிறையச் சொல்லும் அம்மையத்திற்கு மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று புதிதாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மெல்லப் பழகும் சுபாவம் அதற்கு. பத்து நாட்கள் ஒரு மூலையில் அமர்ந்திருக்கிறது. பெயர் கேட்டால் சொல்வதில்லை; மற்றக் குழந்தைகள் கைகொட்டிப் பாடும்போது பாடுவதில்லை. பதினோராம் நாள் "மந்தம்" என்று முடிவு கட்டுகிறோம். ஆனால் மாலையில் அதே குழந்தை வீட்டுத் திண்ணையில் ஆட்டுக்குட்டியை எதிரே நிறுத்திவைத்து, அன்று மையத்தில் கேட்ட கதையை அடி பிசகாமல் சொல்கிறது. அதனைக் கேட்பவர் பாட்டி ஒருவர்தாம். மையத்திற்குச் சென்று அதைச் சொல்ல வேண்டும் என்று பாட்டிக்குத் தோன்றுவதில்லை. கேட்க வேண்டும் என்று நமக்கும் தோன்றுவதில்லை.

நாற்றங்காலிலிருந்து பறித்து நட்ட நாற்று சில நாள் தலை சாய்ந்து நிற்கும். வேர் பிடித்த பின்னர்தான் நிமிரும். அதுவரையில், வளர்கிறதா என்று பிடுங்கிப் பார்க்கும் உழவர் உண்டோ? குழந்தையைப் பலர் நடுவில் நிறுத்தி, "சொல்லு, சொல்லு" என்று அதட்டுவதும் பிடுங்கிப் பார்ப்பதே ஆகும்.

இதனால், பேசாத குழந்தை ஒவ்வொன்றும் வெறும் கூச்சத்தால்தான் பேசவில்லை என்றும் இருந்துவிடக் கூடாது. காது கேளாமை, பார்வைக் குறை, வளர்ச்சிக் குறை ஆகியவையும் காரணமாகலாம். 2013-ல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைச் சோதிக்க வேண்டும். பெயர் வைக்குமுன் சோதனை செய்யப்பட வேண்டும் என்பதே நாம் கைக்கொள்ளத்தக்க நெறி.

இரத்தக் குறைவும் சுபாவமும்

இங்கு மற்றொன்றையும் கூற வேண்டும். சுபாவம் போலத் தோன்றுவது சில வேளை இரத்தசோகையாக இருக்கும். பெட்சி லோசோஃப் என்னும் மருத்துவ அம்மையார் கோஸ்டாரிகா முதலிய நாடுகளில் நடத்திய ஆராய்ச்சிகளில், இரும்புச்சத்துக் குறைந்த குழந்தைகள் தாயை விட்டு நகராமலும், விளையாட்டில் நாட்டமின்றியும், புதியவற்றைக் கண்டு தயங்கியும் இருப்பதைக் கண்டார். நினைவுக்குரிய மூளைப் பகுதி சரிவர வளர்வதற்கும் இரும்புச்சத்து இன்றியமையாதது. இளமையில் நேர்ந்த கடுமையான குறைவின் விளைவு, பின்னர் மருந்து கொடுத்த பிறகும், பள்ளிப் பருவம் வரை தொடர்ந்ததை அவருடைய ஆராய்ச்சி காட்டியது.

2019–21-ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இவ்வயதுக் குழந்தைகளுக்கு வாரம் இருமுறை 1 மில்லி அளவு இரும்புச்சத்து மருந்து கொடுப்பது அரசின் திட்டம். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் முட்டையும் நம் வீட்டிலேயே உள்ளன. "பிள்ளை சோம்பேறி" என்று சொல்லுமுன் அதன் கண்ணிமையின் உட்புறம் வெளிறியிருக்கிறதா என்று பார்த்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தச் சோதனை செய்விப்பது நம் கடமை.

ஜமைக்கா நாட்டின் படிப்பினை

உணவு மட்டும் போதுமா? இதற்கு ஜமைக்கா என்னும் தீவு நாட்டில் விடை கிடைத்தது. அதன் தலைநகரான கிங்ஸ்டனில் 1986–87-ல் சாலி கிரந்தம்-மக்கிரகர் என்னும் மருத்துவ அம்மையாரும் அவருடைய குழுவினரும், ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த, வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தனர். ஒரு பிரிவினருக்குச் சத்துணவு கொடுத்தனர். ஒரு பிரிவினரின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை சுகாதார ஊழியப் பெண் சென்று, வீட்டில் கிடைக்கும் பொருள்களால் செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு குழந்தையுடன் எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். ஒரு பிரிவினருக்கு இரண்டும் கிடைத்தன. ஒரு பிரிவினருக்கு எதுவும் இல்லை. இரண்டே ஆண்டுகள் இது நடந்தது. உணவு மட்டும் பெற்றவர்களுக்கு உண்டான பயன் நாளடைவில் மறைந்தது. தாய் பேசி விளையாடிய குழந்தைகளின் முன்னேற்றமோ நிலைத்து நின்றது. 17 வயதில் அவர்களிடம் மனக்கலக்கமும் சோர்வும் குறைவாக இருந்தன. 22 வயதில் அவர்களின் வருவாய் மற்றவர்களைவிட நூற்றுக்கு 25 அதிகமாக இருந்தது என்று 2014-ல் வெளியான அறிக்கை கூறுகிறது. வாரத்தில் ஒரு மணி நேர வருகை செய்த வேலை இது.

பேசிப் பேசி வளரும் நினைவு

குழந்தையுடன் என்ன பேசுவது என்று உழவர் ஒருவர் கேட்கலாம். நடந்ததைப் பேச வேண்டும். எலைன் ரீஸ், ராபின் ஃபைவுஷ் முதலியோரின் ஆராய்ச்சிகளின்படி, அன்றாட நிகழ்ச்சிகளைக் குழந்தையோடு விரிவாகப் பேசும் தாய்மாரின் குழந்தைகள் பிற்காலத்தில் நிகழ்ச்சிகளைத் தெளிவாக நினைவுகூர்கின்றனர். முன்னோர் கதைகளை வாய்மொழியாகப் போற்றி வரும் நியூசிலாந்தின் மாவோரி மக்கள், அந்நாட்டின் பிற மக்களைவிடத் தம் இளம்பருவ நிகழ்ச்சிகளை முந்திய வயதிலிருந்தே நினைவுகூர்கின்றனர் என்று 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி தெரிவித்தது.

"கிணற்றடிக்குப் போனோமே, அங்கே யார் இருந்தார்? கன்றுக்குட்டி என்ன செய்தது? அப்போது நீ பயந்தாயா?" என்று கேட்டால் போதும். பதில் வராவிட்டால் நாமே சொல்லி முடிக்கலாம். பயந்ததைப் பற்றியும் பேச வேண்டும். பயத்திற்குப் பெயர் சொல்லத் தெரிந்த குழந்தைக்கு அதனைத் தாங்குவதும் எளிதாகிறது.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, புதிதாகச் சேரும் குழந்தையோடு தாயோ பாட்டியோ முதல் வாரத்தில் சிறிது நேரம் மையத்தில் அமர்ந்திருக்க இடமும் இசைவும் தர வேண்டும். நடவுக் காலத்தில் தாய்க்கு ஓய்வு கிடைப்பதில்லை என்பதை அறிவோம். அதற்கு முந்திய மாதத்தில் சேர்ப்பதே அதற்கு வழி.

இரண்டாவதாக, "பூச்சாண்டி வருவான்", "ஊசி போடச் சொல்வேன்", "டீச்சரிடம் விட்டுவிடுவேன்" என்னும் மிரட்டல்களை வீட்டிலும் மையத்திலும் ஒழிக்க வேண்டும். ஊசியைச் சொல்லி மிரட்டப்பட்ட குழந்தை மருத்துவமனையையும், டீச்சரைச் சொல்லி மிரட்டப்பட்ட குழந்தை பள்ளியையும் அஞ்சும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, பள்ளியில் அடிப்பதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. பள்ளியில் ஆகாதது அதற்கு முந்திய பருவத்தில் எவ்வாறு ஆகும்?

அச்சமின்றி வளர்த்தால் பிள்ளை அடங்காததாகிவிடும் என்று சில பெரியவர்கள் கருதுகின்றனர். கண்டிப்பு வேறு, அச்சுறுத்தல் வேறு. உண்ணும் நேரம், உறங்கும் நேரம், செய்யத்தகாதது இது என்னும் வரம்பு ஆகியவற்றில் நாள்தோறும் மாறாமல் இருப்பதே கண்டிப்பு. உரத்து அழும் சுபாவமுடைய குழந்தைக்கு இந்த மாறாமையே பெரிய ஆறுதல்.

மூன்றாவதாக, கிராம சபையில் அங்கன்வாடியைப் பற்றிப் பேசும்போது கூரையையும் கழிப்பறையையும் கேட்பதோடு நில்லாமல், மருத்துவக் குழு வந்ததா, இரும்புச்சத்து மருந்து கிடைக்கிறதா, பணியாளர் இடம் காலியாக இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். ஆள் மாறிக்கொண்டே இருந்தால், மெல்லப் பழகும் குழந்தை யாரிடம் பழகும்?

நான்காவதாக, மையத்தின் பணியாளர் பாட்டியிடமும் தாயிடமும் "வீட்டில் என்ன சொல்கிறது?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும் வழக்கம் ஏற்பட வேண்டும். இதற்குச் செலவு ஏதும் இல்லை.

நண்பர்களே! ஓர் ஊரின் செல்வம் நிலத்திலும் நீரிலும் மட்டும் இல்லை. அவ்வூர்க் குழந்தைகளின் உள்ளத்திலும் இருக்கிறது. அவ்வுள்ளம் கதவு போன்றது. அதட்டினால் உட்புறம் தாழிட்டுக்கொள்ளும். பொறுத்து நின்றால் தானே திறக்கும். நம் ஊராட்சியில் எந்தக் குழந்தையும், அதன் காதும் கண்ணும் இரத்தமும் சோதிக்கப்படாமலும், அது பழகுவதற்குரிய காலம் தரப்படாமலும், மந்தம் என்று பெயர் பெறாதிருக்கட்டும். அடுத்த கிராம சபையில் இதனை ஒரு தீர்மானமாகவே நிறைவேற்றுமாறு உங்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கின்றோம்.